உஷார்! ஸ்கேனர் சொன்னதற்காக ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற விடாதீர்கள்

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறீர்கள். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாமா?” என்று கேட்கிறார்கள். தயவுசெய்து அந்த இடத்தில் தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன். ஆறாயிரத்துச் சொச்சம் போனது. அதைவிட மோசம், உண்மையான கோளாறு உள்ளேயே இருந்து மேலும் ஒரு மாதம் இன்ஜினைத் தின்றது.

புது சென்சார் மாட்டிய நான்காம் நாள், தஞ்சாவூர் போகும் வழியில் அதே விளக்கு மறுபடி எரிந்தது. லிட்டருக்கு 17 கொடுத்த கார் 12-க்கு இறங்கியிருந்தது. சைலன்சர் பக்கம் போனால் பச்சைப் பெட்ரோல் வாடை. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. “ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க தம்பி. காலைல ஆறின இன்ஜின்லதான் பார்க்கணும்” என்றார்.

காலையில் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள் ‘டிக் டிக்’ என்று சன்னமாக ஒரு சத்தம். இன்ஜின் சூடேற ஏற அது தேய்ந்து, காதுக்கு எட்டாமல் போனது. டார்ச் அடித்துக் காட்டினார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில், கேஸ்கட் ஓரமாக, விரல் நீளத்துக்கு மை இழுத்தது போல் ஒரு கரிக்கோடு. புகை கசிந்த தடம் அது. கேஸ்கட் மாற்றிய பிறகு விளக்கு எரியவில்லை. கழற்றிப் போட்ட பழைய சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை.

கேஸ்கட் கசிந்தால் சென்சார் மேல் ஏன் பழி விழுகிறது? அந்தச் சென்சாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா, இல்லையா. பெட்ரோலை அது அளப்பதே இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடி ஆக்சிஜன் தீர்ந்துபோனால் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் ஏறும்; ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 பக்கம் இறங்கும். அதைப் பார்த்துத்தான் இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. புகை ஒரே சீராக வெளியேறுவதில்லை, அலை அலையாக வருகிறது. இரண்டு அலைகளுக்கு நடுவில் அழுத்தம் குறையும்போது, கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்கிறது. இசியூவோ ‘பெட்ரோல் போதவில்லை’ என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுகிறது. பிளக் சரியாகத் தீப்பொறி விடாவிட்டாலும் இதே கதைதான். எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் சேர்ந்து வரும். சென்சார் கண்ணுக்கு ஆக்சிஜன் மட்டுமே படும்.

ஆகவே ஸ்கேனரில் என்ன பிழைக் குறியீடு வந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பி0171 என்றால் கலவை லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். சென்சார் கெட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம், எக்ஸாஸ்ட் கசியலாம். பி0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட். முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். சில ரூபாய் ஃபியூஸுக்காகச் சென்சாரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேனர்தான் ஏற்கெனவே செருகியிருக்கிறதே, அதில் லைவ் டேட்டாவைத் திறக்கச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு, முன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் சட்டென்று ஏற வேண்டும், காலை எடுத்ததும் இறங்க வேண்டும். இப்படி அசைகிறதா? அப்படியானால் சென்சார் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் மட்டும் அதிகம் அசையாமல் நிற்கும், நிற்கவும் வேண்டும். ‘இது செத்துப்போச்சு’ என்று யாராவது அதைக் கழற்றப் போனால் தடுத்துவிடுங்கள். வைட்பேண்ட் வகை சென்சார் உள்ள கார்களுக்கு இந்த வோல்ட் கணக்கு செல்லாது. அதற்கு அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுதான்.

ஊசியால் ஒயரைக் குத்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை அந்த ஒயரின் உள்ளிடுக்கு வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. குத்திய ஓட்டையில் தண்ணீர் இறங்கினாலோ, ஒயரைச் சால்டர் வைத்து அடைத்தாலோ, நல்ல சென்சாரும் கெட்டுவிடும்.

உண்மையிலேயே சென்சார் செத்திருந்தால், கழற்றியதும் முனையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாகக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாக எரிந்திருக்கிறது. வெள்ளைப் பொடி போல் இருந்தால் சிலிகான் பேஸ்ட்டின் ஆவியோ, கூலண்டோ உள்ளே போயிருக்கலாம். பழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் புதிதை மட்டும் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருப்பது ‘பைபாஸ்’. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 வந்ததிலிருந்து பெரும்பாலான புது பைக்குகளிலும் இந்தச் சென்சார் வந்துவிட்டது. கூடவே, சென்சாரைக் கழற்றிவிட்டு இசியூவை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் செருகும் பழக்கமும் வந்துவிட்டது. ‘விளக்கு எரியாது, பிக்கப் ஏறும்’ என்கிறார்கள். விளக்கு எரியாதுதான். ஆனால் பெட்ரோல் கூடிக் கலவை ரிச்சாகிப் போனாலும் திருத்த யாரும் இல்லை. மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். மீதி கன்வர்ட்டருக்குள் போய் எரியும். நல்ல நிலையிலேயே சில நூறு டிகிரியில் வேலை செய்யும் பொருள் அது. எரியாத பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போனால் செந்தணலாகும். எங்கள் டெல்டா பக்கம் அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியையும் வைக்கோலையும் ரோட்டிலேயே பரப்பிக் காய வைப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியை அதன் மேல் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவதை நினைத்துப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டுகிறதா? சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத மிஸ்ஃபயர் கடுமையாகி, கன்வர்ட்டர் இந்த நிமிடமே வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வைக்கோல், காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். இன்ஜினை அணையுங்கள். வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஆள் கூப்பிடுங்கள்.