அயலார் கண்ணுக்குத் தெரிந்தது

வீட்டார் கண்ணுக்குப் பழகிப்போன குறை விருந்தினர் கண்ணில் சட்டெனப் படும். அமெரிக்கக் கறுப்பு ஜனங்களின் நிலையை ஆராய, கார்னெகி ஸ்தாபனம் ஸ்வீடன் தேசத்துப் பொருளாதார நிபுணர் குன்னார் மிர்தாலை வரவழைத்தது அதனாலேதான். 1944-ல் வெளிவந்த தமது நூலில் அவர் சொன்னதாவது: அமெரிக்கர் சமத்துவத்தை மெய்யாகவே நம்புகின்றனர், நடப்பதோ வேறு, இம்முரண்பாடே அவர்கள் மனச்சாட்சியை உறுத்துகிறது. 1954-ல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாதென்று தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு அந்நூலையும் சுட்டிற்று.

திருவண்ணாமலையிலிருந்து நாம் அமெரிக்கரைப் பார்த்து நகைக்கலாமா? சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது 1947-ல். நம் ஜில்லாவின் தென்முடியனூரில் ஆதி திராவிடர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றதோ, 2023 ஜனவரி 30-ந் தேதி, போலீஸ் பாதுகாப்புடன். அதுவரை 75 ஆண்டுகள் சட்டம் வாசலிலேயே நின்றிருக்கிறது. நம் குறையைச் சொல்லவும் அயலார் ஒருவர் வரவேண்டுமா?