கழிப்பறை செய்த கைகள் கிராமி வாங்கிய கதை!

பகலில் போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் வேலை. மிச்ச நேரத்தில், அடகுக்கடையில் வாங்கிய கிடாரோடு பாட்டுக் கட்டும் வேலை. ஆளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் பழைய காரில், தொழிற்சாலை பூட்ஸோடு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஹாலிவுட் ஸ்டுடியோவுக்கு வந்து இறங்குகிறார். உள்ளே எட்டிப் பார்த்தால், சோல் இசையின் ஜாம்பவான்கள் கருவிகளோடு தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள்! மிரண்டுபோன மனிதர், தயாரிப்பாளரைத் தனியே ஓரங்கட்டி, இந்தப் பாட்டையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்கிறார்.

நீங்கள்தான் பாடப்போகிறீர்கள் பில், என்று பதில் வருகிறது.

அந்த பில்தான் பில் விதர்ஸ். அன்று பாடத் தொடங்கியதுதான் 1971 மே மாதம் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. தேவாலயப் பாட்டின் உருக்கமும் ப்ளூஸின் வலியும் கலந்து அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய சோல் இசையில், இதைவிட ருசியான அறிமுகக் கதை வேறொன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். வாருங்கள், ஸ்டுடியோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாம்!

வாரத்துக்கு 2,000 டாலரா!

உள்ளே போகும் முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம். விதர்ஸ் பிறந்தது 1938இல், மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். 13 வயதில் அப்பாவை இழந்தார். பேச்சில் திக்கல், அது 28 வயதுவரை விடவில்லை. சுரங்கத்தை விட்டால் பிழைப்பில்லாத ஊரிலிருந்து தப்பிக்கக் கடற்படையில் சேர்ந்தார். அங்கே ஒன்பது வருடங்கள். பாடகராகும் கனவு, லட்சியம் எதுவும் அப்போது கிடையாது.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த ஆசை? ஓக்லாண்டில் ஒரு கிளப்பிலிருந்து! அன்று அங்கே பாட வேண்டியவர் லூ ரால்ஸ். நேரமாகியும் ஆள் வரவில்லை. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்தும் நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறாரே என்று கிளப் மேனேஜர் புலம்பிக்கொண்டிருந்தார். மணிக்கு 3 டாலர் சம்பாதித்துக்கொண்டிருந்த விதர்ஸின் காதில் அது விழுந்தது. போதாதா! அடகுக்கடைக்குப் போனார், மலிவான கிடார் ஒன்றை வாங்கினார், தானாகவே வாசிக்கப் பழகினார், பாட்டு எழுத ஆரம்பித்தார். இதைப் பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

1967இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார். விமானத் தொழிற்சாலைகளில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் மாதிரிப் பதிவுகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். வேண்டாம் என்றவர்களே அதிகம். கடைசியில் அந்தப் பதிவு கிளாரன்ஸ் அவான்ட் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. பல கறுப்பினக் கலைஞர்களைக் கைதூக்கிவிட்டவர், பின்னாளில் 'பிளாக் காட்ஃபாதர்' என்றே கொண்டாடப்பட்டவர் இந்த அவான்ட். அப்போதுதான் 'சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற சின்னக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். கேட்டார், பிடித்துப்போனது, 1970இல் ஒப்பந்தம் போட்டுவிட்டார்!

அடேயப்பா, என்ன கூட்டணி!

தயாரிப்பாளராக அவான்ட் பிடித்த ஆள் யார் தெரியுமா? புக்கர் டி. ஜோன்ஸ்! மெம்ஃபிஸ் நகரின் புகழ்பெற்ற ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஓடிஸ் ரெடிங் போன்றவர்களுக்குப் பக்கபலமாக வாசித்த 'புக்கர் டி. அண்ட் தி எம்ஜிஸ்' குழுவின் தலைவர். 1962இல் 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற வெறும் கருவியிசைப் பாட்டாலேயே அமெரிக்காவை ஆடவைத்தவர். அவர் தன் பழைய சகாக்களையும் அழைத்து வந்தார்: பேஸ் கிடாருக்கு டொனால்ட் 'டக்' டன், டிரம்ஸுக்கு ஆல் ஜாக்சன் ஜூனியர். கிடாருக்கோ சாட்சாத் ஸ்டீபன் ஸ்டில்ஸ்! 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' குழு ராக் உலகத்தின் உச்சியில் இருந்த நேரம் அது. போதாக்குறைக்கு டிரம்ஸில் ஜிம் கெல்ட்னர், தாளவாத்தியத்தில் பாபி ஹால். முதல் ஆல்பம் போடும் ஒரு தொழிலாளிக்கு இப்படி ஒரு படை!

நினைத்துப் பாருங்கள், உடம்பு நடுங்காதா? விதர்ஸுக்கும் நடுங்கத்தான் செய்தது. அந்த நேரத்தில் ஸ்டுடியோவுக்குள் வந்தார் ஸ்டில்ஸின் குழுத் தோழர் கிரஹாம் நாஷ். நேராக விதர்ஸுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். நீங்கள் எவ்வளவு பெரிய திறமைசாலி என்று உங்களுக்கே தெரியவில்லை என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதன் பிறகுதான் தனக்கு மூச்சே சீரானது என்று விதர்ஸ் பல வருடம் கழித்தும் நன்றியோடு சொன்னார்.

இனிமேல்தான் இந்தக் கதையின் மிக அழகான பகுதி. புக்கர் டி. நினைத்திருந்தால் அன்றைய மோஸ்தருக்கு ஏற்ப டிரம்பெட், சாக்ஸபோன், பின்னணிப் பாடகிகள் என்று எல்லாவற்றையும் கொட்டி விதர்ஸை ஒரு மேடை நட்சத்திரமாக மாற்றியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. விதர்ஸின் குரலையும் சாதாரண கிடாரையும் நடுவில் உட்காரவைத்தார். மற்றவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றி அடக்கி வாசித்தார்கள். வயலின்கூடச் சுடுசோற்றில் விட்ட நெய்யளவுதான். பெரிய வித்வான்கள் இத்தனை பேர் ஒரே அறையில் இருந்தும் ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை! எந்த ஸ்டுடியோவிலும் அது லேசில் நடக்கிற காரியமில்லை.

அந்த 26 தடவை

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டுக்கு வருகிறோம்!

1962இல் வந்த 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' என்ற படத்தை விதர்ஸ் டி.வி.யில் பார்த்தார். ஜாக் லெமனும் லீ ரெமிக்கும் குடிக்கு அடிமையான கணவன் மனைவியாக நடித்த படம். கெடுதல் என்று தெரிந்தும் மனிதர்கள் ஏன் சில விஷயங்களிடமே திரும்பத் திரும்பப் போகிறார்கள்? அந்த எண்ணம்தான் பாட்டுக்கு விதை. அவள் வீட்டில் இல்லாவிட்டால் வெயிலே இல்லை என்று ஏங்கும் ஒருவனின் பாட்டு அது. முன்னிசை என்று எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே குரல்! மொத்தமே இரண்டு நிமிடம் சொச்சம்தான்.

மூன்றாவது சரணம் வரவேண்டிய இடத்தில் விதர்ஸிடம் வரிகள் இல்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து, 'எனக்குத் தெரியும்' என்று பொருள்படும் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்களைத் திரும்பத் திரும்பப் பாடி இடத்தை நிரப்பிவைத்தார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? 26 தடவை! கிடார் ஒதுங்கிவிட, டிரம்ஸ் மட்டும் மெல்லக் கூடவர, அந்தக் குரல் அந்தச் சொற்களையே பிடித்துக்கொண்டு உருகுகிறது. அவளிடம் போகாதே என்று மனசுக்கு மனசே புத்தி சொல்லி, அது கேட்காமல் திமிறுவது அப்படியே நம் காதில் விழுகிறது. இங்கே வேறு வரி எழுதப்போகிறேன் என்று விதர்ஸ் சொன்னதும், சுற்றியிருந்தவர்கள் பதறிப்போய், வேண்டாம், இப்படியே விடுங்கள் என்றார்கள். தொழிற்சாலைக்காரன் நான், அத்தனை அனுபவசாலிகள் சொல்லும்போது கேட்டுக்கொண்டேன் என்று அதைப் பற்றி எளிமையாகச் சொன்னார் விதர்ஸ். உலகம் இன்றும் கூடவே சேர்ந்து பாடுகிற இடம் அதுதான்!

இன்னொரு மாணிக்கம் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. தன்னை வளர்த்த பாட்டியின் கைகளைப் பற்றிய பாட்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தட்டிய கைகள், விழுந்தால் தூக்கிய கைகள், அடி விழாமல் காத்த கைகள். காதலையும் ஆட்டத்தையும் பாடி நட்சத்திரமாகும் காலத்தில், ஒருவர் தன் முதல் ஆல்பத்தில் பாட்டியைப் பாடுகிறார்! இரண்டு நிமிடத்தில் ஒரு முழு வாழ்க்கை.

காசில்லை, காத்திரு!

எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. நான்கு அமர்வுகளில் முடிப்பதாகப் போட்ட திட்டம் மூன்றாகச் சுருங்கியது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி! ஸ்டில்ஸோடும் டக் டன்னோடும் வாசித்த மனிதர், மறுபடி தொழிற்சாலைக்குப் போய் வேலை பார்த்தார். பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று அவர் வேலையை விடவே இல்லை.

அட்டைப்படமும் அங்கேயேதான் எடுக்கப்பட்டது! பர்பாங்க் நகரில் வெபர் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை. மதியச் சாப்பாட்டு நேரம். செங்கல் சுவரோரம், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, முகத்தில் ஒரு சிரிப்போடு நிற்கிறார் விதர்ஸ். கேமரா முன்னால் நிற்கும் கூட்டாளியைப் பார்த்து மற்ற தொழிலாளர்கள் 'ஏய் ஹாலிவுட்!' என்று கேலிசெய்து கூச்சல் போட்டார்களாம். பளபள சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நட்சத்திரங்கள் மின்னிய காலத்தில், சாப்பாட்டுப் பெட்டியோடு ஓர் அட்டைப்படம்! பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

பின்பக்கம் அடித்த ஜாக்பாட்

1971இல் ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிள் தட்டு வெளிவந்தது. முன்பக்கம் 'ஹார்லெம்'. ஹிட்டாகும் என்று கம்பெனி நம்பிய பாட்டு அதுதான். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாவம், பின்பக்கத்தில் கிடந்தது. ரேடியோ டி.ஜே.க்கள் விட்டார்களா? தட்டைத் திருப்பிப்போட்டு அதையே ஒலிபரப்பினார்கள். ஊரே பற்றிக்கொண்டது! பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 3ஆம் இடம். பத்து லட்சம் விற்றதற்கான தங்கத் தட்டு. அடுத்த வருடம் சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடலுக்கான கிராமி விருது. ஆல்பம் வந்த அதே 1971 மே மாதம்தான் சோல் பாடகர் மார்வின் கேயின் மகா ஆல்பமான 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்பேர்ப்பட்ட வருடத்தில் ஒரு புதுமுகம் தனியாகத் தெரிந்தார்!

இதற்கு நடுவில் தொழிற்சாலை அவரை ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பிறகு ஒருநாள் தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, வேலைக்குத் திரும்பி வா என்ற அழைப்பு. இன்னொன்று, ஜானி கார்சனின் 'டுநைட் ஷோ'வில் வந்து பாடுங்கள் என்ற அழைப்பு! அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி அது. எந்தக் கடிதத்துக்குச் சம்மதம் சொன்னார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பாட்டு தங்கத் தட்டு வாங்கியதைக் கொண்டாட சசெக்ஸ் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? தங்கநிறக் கழிப்பறை இருக்கை!

அன்றிலிருந்து இன்றுவரை

மைக்கேல் ஜாக்சன் தன்னுடைய முதல் தனி ஆல்பத்திலேயே 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டைப் பாடினார். 1996இல் பிளாக்ஸ்ட்ரீட் குழுவின் 'நோ டிகிட்டி' உலகமெங்கும் ஒலித்ததே, அதன் அடியில் முனகிக்கொண்டு ஓடுவது 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'தான். 'நாட்டிங் ஹில்' படத்தில் ஹியூ கிராண்ட் ஒரே நடையில் நான்கு பருவங்களையும் கடக்கும் காட்சியில் ஒலிப்பதும் இந்த ஆல்பத்தின் பாட்டே. 2015இல் விதர்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வரவேற்றவர் ஸ்டீவி வொண்டர். 2020 மார்ச்சில் 81 வயதில் விதர்ஸ் காலமானபோது உலகமே திரும்பப் போட்டுக் கேட்டது அந்த இரண்டு நிமிடப் பாட்டைத்தான்.

இதற்கெல்லாம் காரணம் அதிர்ஷ்டம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதாமல் விட்ட சரணத்தை அப்படியே விட்டார்கள். பழகாத குரலை மெருகேற்றுகிறேன் என்று கெடுக்காமல் விட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியை ஒளித்துவைக்காமல் அட்டையிலேயே போட்டார்கள். இருக்கிறபடியே ஒரு மனிதரை ஏற்றுக்கொள்ளும் துணிச்சல் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் இருந்தது. இந்த ஆல்பம் வென்றது அதனால்தான்.

12 பாடல்கள். ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். செல்போனிலேயே கிடைக்கிறது. 'ஹார்லெம்' பாட்டில் ஆரம்பியுங்கள், ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள். அந்த 26 தடவை வரும்போது நீங்களும் எண்ணிப் பாருங்கள்!