பாலைவனத்தில் ஒரு குடும்பச் சந்திப்பு: வெல்லாவெளியிலிருந்து எகிப்துக்கு

2027 மார்ச் கடைசியில் நானும் அம்மாவும் எகிப்துக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். வெல்லாவெளியில் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு கேட்கிறார்கள். “வயல் வித்த காசா?” “அங்க என்ன வேலை?” “அங்கிருந்து கடல் தாண்டுற யோசினையா?” மூன்றும் இல்லை. பதினொரு வருடமாக நேரில் காணாத தம்பியைப் பார்க்கப் போகிறோம்.

தம்பி ஐரோப்பாவில் ஒரு நாட்டில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். எங்களைப் போன்ற குடும்பங்கள் படுவான்கரையில் இன்னும் பல உண்டு. அவர்களுக்கு உதவும் என்பதால், திட்டமிடலில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

ஏன் மூன்றாவது நாடு?

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி, ஒருவர் தன் சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் பெற்றுக்கொண்டால் அவருடைய அகதி நிலை முடிவுக்கு வரலாம். ஊருக்கு ஒரு கிழமை வந்து போவதைக்கூடச் சில நாடுகள் அப்படி எடுத்துக்கொள்கின்றன. அதே சமவாயம் அகதிகளுக்குப் பயண ஆவணம் ஒன்றையும் தருகிறது. தம்பியின் ஆவணம் இலங்கைக்குச் செல்லாது, மற்ற நாடுகளுக்குச் செல்லும். ஆகவே அவனால் இங்கே வர முடியாது.

நாங்கள் அங்கே போக முயன்றோம். இரண்டு வருடத்திற்கு முன் அம்மாவின் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திரும்பி வருவார் என்பதில் சந்தேகமாம். எழுபது வயதில், இரண்டு ஏக்கர் வயலும் மாடும் வைத்திருக்கும் மனுசி எங்கே போய் ஒளிவார் என்று நான் கேட்கவில்லை, கேட்க இடமும் இல்லை.

எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சந்திப்பது சென்னையிலோ மலேசியாவிலோதான். தம்பிக்குக் கிடைப்பது பத்து நாள் லீவு. அதுவும் அவனுடைய மகளின் பள்ளிக்கூட வசந்தகால விடுமுறையில்தான். அவனிடமிருந்து வட ஆபிரிக்கா நான்கு மணி நேர விமானப் பயணம். மொரோக்கோவையும் துனீசியாவையும் யோசித்தோம். எங்களுக்கு அவை இன்னும் மேற்கே தள்ளிப் போகின்றன. எகிப்து இரு பக்கத்தாருக்கும் ஓரளவு நடுவில் இருக்கிறது. 2024 மார்ச்சில் எகிப்திய பவுணின் மதிப்பு பெருமளவு இறங்கியதால், ஐரோப்பாவில் உழைக்கிறவனுக்கு அங்கே செலவும் குறைவு.

வசந்தம் என்றால் காற்று

வசந்தகாலம் எங்கள் நாட்காட்டியில் இல்லாத காலம். எங்களுக்கு வாடையும் கச்சானும்தான். ஆனால் நாள் மட்டும் நன்றாகப் பொருந்தியது. மார்ச் கடைசியில் பெரும்போக அறுவடை முடிந்திருக்கும், சிறுபோக வேலை மும்முரமாகியிராது. வருடப்பிறப்புக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.

பொருந்தாதது காற்று. எகிப்தின் நிலத்தில் 90 சதவீதத்திற்கு மேல் பாலைவனம். மார்ச் முதல் மே வரை அங்கே ‘கம்சீன்’ என்ற காற்று விட்டுவிட்டு வீசும். அரபியில் அந்தச் சொல்லுக்கு ஐம்பது என்று பொருள். ஐம்பது நாள் காலத்துக்குள் வந்து போகும் காற்று என்று விளக்குவார்கள். மத்தியதரைக் கடலோரமாகத் தாழமுக்கம் கிழக்கு நோக்கி நகரும்போது, தெற்கே சகாராவிலுள்ள சூடான காற்றை மண்ணோடு சேர்த்து இழுத்துவரும். சாதாரண நாளில் கெய்ரோவில் மார்ச் மாதப் பகல் 24 பாகை அளவில்தான் இருக்கும், இரவில் சால்வை வேண்டும். கம்சீன் வந்தால் 40ஐத் தாண்டலாம், வானம் மஞ்சளாகிவிடும், விமானங்களும் தாமதமாகலாம். நம்முடைய கச்சான் காற்றோடு புழுதியையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீச்சு பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆகவே பத்து நாளில் இரண்டு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டிருக்கிறோம். காற்று வந்தால் அறைக்குள் இருப்போம். பேசுவதற்குப் பதினொரு வருடக் கதை இருக்கிறது.

நோன்பையும் பார்க்க வேண்டும். இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும். காத்தான்குடியில் இதை யாரும் சொல்லித்தருவார்கள். 2027இல் நோன்பு பெப்ரவரியில் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரமளவில் முடியும். நாங்கள் போகும்போது கடைகளும் உணவகங்களும் வழமைக்குத் திரும்பியிருக்கும்.

எந்தப் பாலைவனம்?

தம்பி முதலில் சீவா என்றான். லிபிய எல்லையை அண்டிய பாலைவனச் சோலை அது. பேரீச்சையும் ஒலிவும் விளையும் அழகான இடம். ஆனால் கெய்ரோவிலிருந்து 700 கிலோமீற்றருக்கு மேல். முழங்கால் வருத்தக்காரிக்கு அந்த வீதி சரிவராது.

மேற்குப் பாலைவனத்தின் பல பகுதிகளுக்கு அனுமதியும் தேவை. 2015 செப்டெம்பரில் பாதுகாப்புப் படையினர் தவறுதலாகத் தாக்கியதில், மெக்சிக்கோ சுற்றுலாப் பயணிகள் உட்பட 12 பேர் அங்கே இறந்தார்கள். யாராவது ஒரு சாரதி “அனுமதியெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றால் அந்த வாகனத்தில் ஏறக்கூடாது.

கடைசியில் பயூம் என்று முடிவாயிற்று. கெய்ரோவிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர், இரண்டு மணி நேரம். நைல் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து வயல்களுக்குப் பாயும் ஊர். ஓரத்தில் காரூன் என்ற உப்பேரி, கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்ந்தவளுக்கு அது அந்நியமாக இராது.

பயூமிலிருந்து ஒரு பகல் பயணமாக வாடி அல்-ஹீத்தானுக்குப் போகலாம். ‘திமிங்கிலப் பள்ளத்தாக்கு’ என்று பொருள். 4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த அந்த இடத்தில் திமிங்கில எலும்புகள் மணலில் கிடக்கின்றன. தரையில் வாழ்ந்த முன்னோரின் அடையாளமாகச் சிறிய பின்னங்கால்களும் அவற்றுக்கு உண்டு. 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. இதைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: “கடல் போன இடத்திலயா மனே அவனைப் பார்க்கப் போறம்?”

தாள்கள்

கடவுச்சீட்டுக்கு எங்கள் பக்கத்தவர் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போவது வழக்கம். திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். எகிப்தின் தூதரகம் கொழும்பில் இருக்கிறது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் முகவரிடம் கேட்காமல் தூதரகத்திடமே கேளுங்கள். விசா கையில் வருமுன் பணம் திரும்பாத விமானச்சீட்டை வாங்க வேண்டாம்.

தம்பி தன் பக்கத்தில் தனியாக விசாரிக்க வேண்டும். அவன் வாழும் நாட்டின் குடிமக்களுக்குள்ள விசாச் சலுகை அகதிப் பயண ஆவணத்துக்கும் உண்டு என்று நினைத்து விமான நிலையத்தில் நிற்கக் கூடாது. அவனுக்கு விசா உறுதியான பிறகே நாங்கள் விண்ணப்பிப்போம். ஒருவர் போய் மற்றவர் வராத சந்திப்பை அம்மா தாங்கமாட்டார்.

கிழக்கிலிருந்து எகிப்துக்குப் போகிறோம் என்றால் கட்டுநாயக்காவில் கேள்வி வரும். கடல்வழி ஆட்கடத்தலில் எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள், கேட்பதில் நியாயம் உண்டு. திரும்பும் சீட்டு, தங்குமிடப் பதிவு, காணி உறுதியின் பிரதி, தம்பியின் அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். டோஹா அல்லது டுபாய் ஊடாக மாறிப் போகவேண்டியிருப்பதால், அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிய வேண்டும்.

மருந்திலும் கவனம். நம் ஆட்கள் முழங்கால் வலிக்கு விழுங்கும் டிரமடோல் எகிப்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அதை வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள். மற்ற மருந்துகளை மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு, வாங்கிய பெட்டியிலேயே கொண்டுபோங்கள்.

எதிர்த்திசையில் வந்தவர்

எகிப்துக்கும் எங்கள் தீவுக்கும் இடையே ஒரு பழைய பிரிவுக் கதை உண்டு. 1882இல் பிரித்தானியரிடம் தோற்ற அகமது ஒராபி பாஷாவைத் தோழர்களோடு இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1883இல் கொழும்பில் வந்திறங்கினார், பின்னர் கண்டியில் வாழ்ந்தார். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892இல் தொடங்க அவரும் துணைநின்றார். 1901இல்தான் அவர் ஊர் திரும்ப விட்டார்கள். பதினெட்டு வருடம். தம்பிக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “அப்ப எனக்கு இன்னும் ஏழு வருசம் கிடக்கு அண்ணா” என்றான்.

இன்னும் எதுவும் உறுதியாகவில்லை. விசா மறுக்கப்படலாம், வளைகுடாவில் நிலைமை மாறலாம், காற்று வீசலாம். அம்மா மட்டும் ஆயத்தம். வாவி மீன் கருவாடு கொஞ்சம் காயவைத்துக் கொண்டுபோகலாமா என்று நேற்றும் கேட்டார். தூதரகத்தில் கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.