பழிகரப்பும் ஒரு கம்பனிக் கதையும்

அங்கதத்தைத் தொல்காப்பியர் செய்யுளியலில் இரண்டாகப் பிரிக்கிறார். வெளிப்படையாக ஏசினால் வசை. பழிப்பை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது பழைய உதாரணங்களோடு, அமெரிக்க எழுத்தாளர் டேவ் எக்கர்ஸ் 2013இல் வெளியிட்ட 'த சர்க்கிள்' நாவலையும் நான் சொல்வதுண்டு.

மே ஹொலண்ட் என்ற இளம்பெண் கலிபோர்னியாவிலுள்ள பெரிய இணையக் கம்பனியொன்றில் சேர்கிறாள். உள்ளே எடுத்துவிட்டவள் சிநேகிதி ஆனி. வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. ஒவ்வொரு பதிலுக்கும் 100க்குப் புள்ளி. குறைந்தால், ஏன் குறைத்தீர்கள் என்று வாடிக்கையாளரிடமே திரும்பக் கேட்க வேண்டும். சக ஊழியரோடு எவ்வளவு கலந்து பழகுகிறாள் என்பதற்கும் ஒரு தரவரிசை. பிறகு கமராவொன்றை அணிந்துகொண்டு தன் நாள் முழுவதையும் உலகத்துக்குக் காட்டுகிறாள்.

இங்கே யாரும் அதட்டுவதில்லை. எல்லாரும் சிரித்த முகம்தான். ஆனால் மே ஏற ஏற, ஆனி சரிகிறாள். கம்பனியின் தலைவர்கள் மூவரில் ஒருவனே பயந்துபோய், இதை நிறுத்த உதவி செய் என்று மேயிடம் கேட்கிறான். அவள் அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். அவள் கண்ணுக்கு அது துரோகமே இல்லை, கடமை. ஆசிரியர் இடையில் வந்து ஏசாமல், அவளுடைய சந்தோஷத்தையே எழுதிக்கொண்டு போகிறார். பழிகரப்பு அதுதான். மேயின் பழைய காதலன் மெர்ஸர் நீளமாகப் பேசும் இடங்களில் மட்டும் அந்தத் திரை விலகி, வசை தலைகாட்டுகிறது. நாவலின் பலவீனமான பக்கங்களும் அவைதான்.

தொடர்ச்சியான 'த எவ்ரி' 2021இல் வந்தது. மே இப்போது தலைமை அதிகாரி. கம்பனியை அழிக்கவென்றே டெலனி என்பவள் வேலைக்குச் சேர்கிறாள். சனங்கள் வெறுக்கட்டும் என்று மோசமான யோசனைகளாகப் பார்த்துக் கொடுக்கிறாள். பாருங்க, எல்லாத்தையும் சனங்கள் விரும்பி ஏற்றுக்கொள்கிறார்கள்!

"அப்ப மே கூடாதவளா சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. கெட்டிக்காரி, உழைப்பாளி, எல்லாரும் தன்னை மெச்ச வேண்டும் என்று ஆசைப்படுபவள். வசை முதலாளியோடு நின்றுவிடும். பழிகரப்போ புள்ளிக்காகக் காத்திருக்கும் நம்மையும் சேர்த்துப் பிடிக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.