குவாண்டம் இயக்கவியலும் சமானக் கொள்கையும்

ஒரு பொருளின் நிலைம நிறையும் ஈர்ப்பு நிறையும் சமம் என்பதே சமானக் கொள்கையின் அடிப்படை. இதனால்தான் வெற்றிடத்தில் விழும் பொருள்கள் அனைத்தும் ஒரே முடுக்கத்துடன் விழுகின்றன. நியூட்டனின் சமன்பாட்டில் நிறை இருபுறமும் நீங்கிவிடுகிறது. சுரோடிங்கர் சமன்பாட்டில் அது நீங்குவதில்லை. பிளாங்க் மாறிலியோடு ஒரு விகிதமாக எஞ்சி நிற்கிறது. இரண்டும் முரண்படுகின்றனவா என்ற ஐயம் இங்கிருந்தே எழுகிறது.

1975இல் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் ஆகியோர் சிலிக்கான் படிகத்தாலான குறுக்கீட்டுமானியில் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்தனர். கருவியைச் சாய்த்தபோது ஒரு பாதை மற்றதைவிட உயர்ந்தது. உயரே செல்லும் நியூட்ரானின் வேகம் சற்றுக் குறையும், அலைநீளம் கூடும். எனவே இரு அலைகளும் மீண்டும் சேர்ந்தபோது கட்ட வேறுபாடு தோன்றியது. சாய்வுக் கோணத்துக்கேற்ப அது மாறியது. அதன் அளவோ நியூட்ரானின் நிறையைச் சார்ந்தது!

இது கொள்கைக்குத் தோல்வியன்று. ஈர்ப்பில்லாத இடத்தில் கருவியையே அதே அளவு முடுக்கினாலும் அதே கட்ட வேறுபாடுதான் கிடைக்கும். 1983இல் போன்சு, ரொப்லெவ்சுகி இருவரும் குறுக்கீட்டுமானியைக் கிடையாக அதிரச் செய்து முடுக்கத்தின் இவ்விளைவை அளந்தனர். சீரான ஈர்ப்பையும் முடுக்கத்தையும் பிரித்தறிய இயலாது என்றுதான் ஐன்சுட்டைன் கூறினார். எல்லாச் சமன்பாடுகளிலும் நிறை மறைய வேண்டும் என்று கூறவில்லை.

2020இல் சுடான்போர்டு ஆய்வாளர்கள் ருபிடியம்-85, ருபிடியம்-87 அணுக்களை ஒன்றாக விழவிட்டு, அவற்றின் முடுக்கங்கள் இலட்சம் கோடியில் சில பங்குத் துல்லியத்துக்குள் சமம் எனக் கண்டனர்.

எஞ்சும் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சமானக் கொள்கை மிகச் சிறிய இடத்துக்கே பொருந்தும். குவாண்டம் அலையோ பரவியிருப்பது.