தொண்டை அடைப்பானின் உறவுக்காரக் கிருமி

கடலோரப் புதுப்பட்டினம் பக்கம் மாடு வளர்ப்பவர்களிடம் தொண்டை அடைப்பான் என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். காய்ச்சல், தாடைக்கடியில் வீக்கம், மூச்சு இழுப்பு; நேற்று தீனி தின்ற மாடு இன்று இருக்காது. காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா. மாட்டின் ரத்தத்தைச் சாயமேற்றிப் பார்த்தால், இரு முனையும் அழுத்தமாக நிறம் பிடித்து ஊக்கு மாதிரித் தெரியும். கோழிக் காலராவும் இதன் கைவரிசைதான். 1879-80இல் லூயி பாஸ்டர், நாள்பட்டு வீரியம் குறைந்த இந்தக் கிருமியைக் கோழிகளுக்குச் செலுத்தித்தான் ஆய்வகத் தடுப்பூசிக்கே வழி கண்டார்.

இதே கிருமியின் வேறு வகைகள், மீன் தலைக்காகக் கரையில் காத்திருக்கும் பூனையின் வாயில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கின்றன. பெரும்பாலான பூனைகளிடம் உண்டு, நாய்கள் பலவற்றிடமும் உண்டு. பூனை கடித்த இடம் சில மணி நேரத்திலேயே சிவந்து வீங்கினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

மூளை உறை வரை இது போய் மூளைக்காய்ச்சலாக மாறுவது மிக அபூர்வம். போனால் அகப்படுபவர்கள் அதிகமும் கைக்குழந்தைகளும் முதியவர்களும். மருத்துவ இதழ்களில் பதிவான குழந்தைகளில் பலருக்குக் கடித்த தடமே கிடையாது. நாய் முகத்தை நக்கியிருக்கும். நாய் நக்கிய விரலை அண்ணன் குழந்தைக்குச் சூப்பக் கொடுத்ததாகக்கூட ஒரு பதிவு உண்டு. நமக்கோ நாய் என்றால் வெறிநாய்க்கடி பயம் மட்டும்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நக்கியதை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

மூளைக்காய்ச்சல் வந்தாலும் கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்க வேண்டும் என்பதில்லை. பால் குடிக்காது, தூக்கினால் இன்னும் வீறிடும், உச்சிக்குழி புடைத்து நிற்கும். முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் நீரில் இந்தக் கிருமியை, மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான ஹீமோஃபிலஸ் என்று தவறாக எண்ணிவிடுவது எளிது. ஹீமோஃபிலஸ் பி-க்கு எதிரான பென்டாவலன்ட் ஊசி 2011 டிசம்பரிலேயே தமிழ்நாட்டின் அரசுத் திட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த ஊசி போட்ட குழந்தையின் நீரில் ஹீமோஃபிலஸ் போலத் தெரிந்தால், வீட்டில் பூனை, நாய் உண்டா என்று கேட்பது நல்லது.

ராணிப்பேட்டையில் மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசி தயாராகிறது. மனிதருக்கு இல்லை, இவ்வளவு அபூர்வமான நோய்க்குத் தேவையும் இல்லை. பழைய பென்சிலினுக்கே இது பெரும்பாலும் அடங்கும். மூளைக்காய்ச்சல் என்றதும் தொடங்கும் செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளும் இதைக் கொல்லும். குணமான பிறகும் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சோதித்துவிட வேண்டும்.