கோபத்திற்கு எந்தச் சொல்?

ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது ‘ஆங்கர்’ என்ற சொல்லை இரண்டாம் முறை எழுத மனமில்லாமல், ‘ரேஜ்’ என்றோ ‘ஃபியூரி’ என்றோ ‘ராத்’ என்றோ மாற்றிப் போட்டுவிடுகிறோம். அகராதியில் எல்லாம் கோபந்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நில்லாது.

‘ரேஜ்’ என்பது லத்தீன் மொழியின் ‘ராபியெஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெறிநாய்க்கடியால் வரும் ‘ரேபீஸ்’ நோயின் பெயரும் அச்சொல்லே. தமிழிலும் நாய்க்குப் பிடிப்பது வெறி, மனிதனுக்குப் பிடிப்பதும் வெறி! அறிவு கைவிட்டுப் போன கோபமே ரேஜ். பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோதுவுக்கு இது பொருந்தும்.

‘ஃபியூரி’யில் வேகமே முக்கியம். ‘கடல் சீற்றம்’ என்கிறோமே, அதுபோலப் புயலுக்கும் அலைக்கும் கூட இச்சொல் வரும். உரோமர் புராணத்தில் ஃபியூரிகள் என்போர் பழிவாங்கும் தேவதைகள் மூவர். (மூவரும் பெண்கள்! இது என்ன நியாயம்?)

‘ராத்’ மேலிருந்து இறங்கும் கோபம். அதன் பின்னே தண்டனை நிற்கும். கடவுளுக்கும் அரசருக்கும் ஏற்ற சொல். பேனாவை எடுத்த தங்கையின் மேல் எனக்கு ‘ராத்’ வந்தது என்றால் கேட்பவர் சிரிப்பார்கள்.

எளிய சொல் என்று நாம் ஒதுக்கும் ‘ஆங்கர்’தான் எனக்கு மிகவும் பிடித்தது. வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு அங்கே துயரம் என்று பொருள். மாற்கு நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். கை சூம்பியவரை ஓய்வுநாளில் குணமாக்குமுன், இயேசு சுற்றிலும் இருந்தவர்களைக் கோபத்துடன் பார்க்கிறார். அவர்களுடைய கல்மனத்தைக் கண்டு வருந்துகிறார். கோபமும் துயரமும் ஒரே வசனத்தில்!

அப்படியானால், எருசலேம் ஆலயத்தில் அவர் மேசைகளைக் கவிழ்த்ததை எழுத எந்தச் சொல்? ‘ரேஜ்’ என்றால் அவர் தம்மை மறந்தார் என்றாகிவிடும். யோவான் எழுதியிருப்பது அப்படியில்லை. இயேசு முதலில் கயிறுகளால் சாட்டை பின்னுகிறார். அதற்கே சற்று நேரமாகும். ஆடுமாடுகளை விரட்டுகிறார், நாணயங்களைக் கொட்டுகிறார். புறா விற்பவர்களிடமோ, அவற்றை எடுத்துப் போகுமாறு வாயால் சொல்லுகிறார். கூண்டைக் கவிழ்த்தால் புறாவுக்கு அடிபடுமே! வெறி பிடித்தவனுக்குப் புறாவின் நினைவு வருமா?